டெல்லியைத் தாண்டிய நூல்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் மதலைமுத்து லாரி ஆபீஸ் எங்கே என்று கேட்டால் எல்லாரும் கை காட்டுவார்கள். அந்த மதலைமுத்து நான்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கிளீனராக ஏறி, டிரைவராகி, இன்று சொந்தமாக லாரிகள் ஓட்டுகிறேன். யாரும் என்னைக் கைதூக்கி விடவில்லை. ஸ்டியரிங்தான் தூக்கி விட்டது.

என்னிடம் ஒரு வித்தை உண்டு. லோடு வந்தால், ஆபீஸ் சுவரில் இருக்கும் இந்தியப் படத்தில் ரோட்டோடு ரோட்டாக நூலை வளைத்து வைப்பேன். எத்தனை நாள், எவ்வளவு டீசல் என்று உடனே சொல்லிவிடுவேன். செல்போனில் வழி பார்க்கும் டிரைவர்களும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வண்டி எடுப்பதில்லை.

என் மகள் டீனா கனடாவின் வடகோடியில், இனுவிக் என்ற சின்ன ஊரில் நர்ஸ். போன வருஷம், எங்கள் பக்கத்து ஏரியா ஜீவனஹள்ளி கிளெமென்டைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். பையன் அதே வடக்கில், யெல்லோநைஃப் என்ற ஊரில் விமான மெக்கானிக். குடும்பம் நல்ல குடும்பம். ஆனால் கல்யாணத்துக்கு அப்புறமும் கொஞ்ச காலம் ஆளுக்கொரு ஊரில்தான் இருக்க வேண்டுமாம்.

உலகப் படம் ஒன்று வாங்கி மாட்டினேன். பெங்களூரிலிருந்து டெல்லிக்கு நேராக நூல் பிடித்து முடிச்சுப் போட்டேன். அதை அந்த இரண்டு ஊருக்கும் நடுவே வைத்தால், தூரம் முடிச்சைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

“டெல்லிக்கும் மேல தூரம்மா. இந்தக் கல்யாணம் வேணாம்” என்று போனில் சொன்னேன்.

“டாடி, நேர் ஃப்ளைட்டுல ரெண்டரை மணி நேரந்தான்!”

“லாரிக்காரன்கிட்டயே தூரம் சொல்றியா?”

அழுதுகொண்டே வைத்துவிட்டாள். என் மனைவி ஆஞ்சலா அன்று முதல் எனக்கு வெறும் ரசம்தான் ஊற்றினாள்.

“டீனா பொறந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க? நாக்பூர்ல டயர் மாத்திக்கினு இருந்தீங்க. நான் குடும்பம் நடத்தலியா?”

“நீ பட்டது போதும், அவளும் படணுமா?” என்றேன்.

லீவில் வந்த கிளெமென்ட் நேராக என் ஆபீஸுக்கே வந்தான். படத்தையும் நூலையும் பார்த்தான்.

“அங்கிள், உங்க நூல் கரெக்டு. படந்தான் ஏமாத்துது. உருண்டையா இருக்குற பூமிய சுவத்துல விரிச்சா, வடக்க இருக்குறதெல்லாம் இழுத்துக்கும்.”

“பூமி இன்னா சப்பாத்தி மாவாப்பா, இழுத்துக்க?”

அவனோடு வந்திருந்த ஆஞ்சலா, பக்கத்து ஸ்டேஷனரிக் கடைக்குப் போய் ஒரு உலக உருண்டையை வாங்கி வந்து மேஜையில் வைத்தாள்.

“அளங்க. உங்க நூலு, உங்க கை.”

உருண்டையில் பெங்களூரிலிருந்து டெல்லிக்குப் புது நூல் பிடித்து முடிச்சுப் போட்டேன். இனுவிக்கிலிருந்து யெல்லோநைஃப் வரை பிடித்தேன். முடிச்சு வருவதற்கு முன்பே ஊர் வந்துவிட்டது. அந்த அளவை அப்படியே பெங்களூரிலிருந்து வைத்துப் பார்த்தேன். போபாலில் நின்றது. திரும்ப அளந்தேன். மறுபடியும் போபால்.

“போபால் மாப்ளைன்னா சரியா?” என்றாள் ஆஞ்சலா.

“போபாலா? கண்ண மூடிக்கினு ஓட்டுவேன்!”

கிளெமென்ட் முன்னாலேயே டீனாவுக்குப் போன் போட்டேன்.

“ரெண்டரை மணி நேரந்தாம்மா. சர்ச்சுல தேதி கேட்டுரட்டா?”

“இதத்தானே டாடி நான் அன்னிக்கே சொன்னேன்!”

“நீ சொன்ன. நான் அளந்தேன்ல?”

அன்று ராத்திரி ரசத்தோடு மட்டன் குழம்பும் வந்தது.