கீழே இறங்காத வாளி

பிரெஞ்சுக்காரன் ஆண்ட பாகூர் கொம்யூனில் தீயணைக்கும் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க என்னை வைத்தபோது எனக்கு முப்பது வயது. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் எட்டு வருஷம் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். வாயைத் திறந்தால் கத்தல்தான். கத்தி நடக்காத காரியம் உலகத்தில் எதுவும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். அந்த நம்பிக்கையை ஒரே மாசி மாதத்தில் உடைத்துப் போட்டுவிட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் மலைப்புத் தீரவில்லை.

எங்களிடம் இருந்தது ஒரு கைப்பம்பு. நாலு சக்கர வண்டியின் மேல் ஒரு தொட்டி, இரண்டு பக்கமும் நீளத் தண்டு. பக்கத்துக்கு ஒருவர் நின்று தண்டை ஏற்றி இறக்கினால் குழாய் வழியே தண்ணீர் தென்னை உயரத்துக்குப் பீச்சும். ஆனால் தொட்டி தானாக நிரம்பாது. குளத்திலிருந்து வண்டி வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்று, கித்தான் வாளிகளைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். ஊற்றுவது சற்று நின்றாலும் பம்பு வெறும் காற்றைத்தான் துப்பும்.

மேரி என்று நாங்கள் சொல்லும் கொம்யூன் அலுவலகம் சம்பளம் கொடுத்து மூன்று பேரை வைத்திருந்தது. அவர்கள் போக, கூலி இல்லாமல் வருகிறவர்கள் இருபது பேர். பத்துப் பேர் ஊர்த்தெருக் குடியானவர்கள், பத்துப் பேர் சேரி ஆட்கள். பிரெஞ்சுக்காரன் சட்டத்தில் எல்லோரும் சரிசமம் என்பதால் பட்டியலை அப்படி எழுதிவிட்டார்கள். எழுதியவர் ஒரு நாளும் குளத்தங்கரைக்கு வந்து பார்த்ததில்லை.

முந்தின வருஷம் பங்குனியில் சேரியில் தீப்பிடித்து ஒரு வரிசை வீடு முழுக்கப் போயிற்று. பம்பு இருந்தது, குளம் இருந்தது, ஆட்களும் ஓடிவந்தார்கள். ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு பாதித் தண்ணீரைத் தரைக்கு வார்த்தார்களாம். அதற்குப் பிறகுதான் என்னை வைத்தார்கள். அடுத்த பங்குனிக்குள் இவர்கள் கை பழகாவிட்டால் மிச்சமிருந்த நாற்பது கூரையும் போய்விடும். எல்லாம் கரும்புத் தோகை வேய்ந்த கூரைகள். ஒரு பொறி போதும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை இருபது பேரும் வந்தார்கள். குளம் ஊர்க்குளம் என்பதால் தண்ணீர் மொள்ளும் பக்கம் ஊர்க்காரர்கள், வண்டிப் பக்கம் சேரி ஆட்கள். வாளி வரிசையின் நடு வரைக்கும் ஒழுங்காக வந்தது. அங்கே நின்ற கடைசி ஊர்க்காரர் வாளியைத் தரையில் வைத்தார். இரண்டடி தள்ளி நின்றார். அடுத்து நின்ற சேரி ஆள் குனிந்து எடுத்துக்கொண்டார். காலி வாளி திரும்பும்போதும் அதே கதை. பத்து வாளிக்குள் நடுவில் ஒரு குவியல் சேர்ந்துவிட்டது. நான் தமிழிலும் பிரெஞ்சிலுமாகக் கத்தினேன். அடுத்த ஞாயிறு ஊர்த்தெருவிலிருந்து ஈ காக்கை வரவில்லை.

சேரி ஆட்கள் வந்தார்கள். பாதி வரிசையாக நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சம்பளக்காரர் மூவரும் தவறாமல் வந்து, வண்டிக்கு அடியில் நிழலில் படுத்து, தவறாமல் தூங்கினார்கள். தண்ணீரே வராத பம்புக்குப் பயிற்சி எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் இல்லாததால் அவர்களையும் திட்டினேன்.

நடுவில் வாளியைக் கீழே வைத்தவர் ஊர்த்தெருவில் பெரிய குடியானவர். மற்ற ஒன்பது பேரும் அவர் முகத்தைப் பார்த்து நடப்பவர்கள். அவர் களத்துக்கே போய்க் கேட்டேன். மரியாதையாக உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

“பட்டாளத்தாரே, தீப்பிடிச்சா நாங்க வரமாட்டமா? போன வருசம் வரலியா? அன்னிக்கு யாரத் தொட்டோம், யாரத் தொடலன்னு பாத்தமா? ஆபத்துக்குப் பாவமில்லன்னு பெரியவங்க சொல்லி வெச்சிருக்காங்க.”

“அப்ப ஞாயித்துக்கெழம ஏன் வரமாட்டேன்றீங்க?”

“ஞாயித்துக்கெழம இன்னா ஆபத்து இருக்குது? வெறும் வாளி. ஆபத்து இல்லாம தொட்டா அது பாவந்தான?”

மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். அவரைத் திட்டவும் எனக்கு யோக்கியதை இல்லை. நான் வில்லியனூர் பக்கத்துக் கிறிஸ்தவன். எங்கள் மாதா கோயிலில் சேரிக்காரர்களுக்கு ஒரு பக்கம், எங்களுக்கு ஒரு பக்கம். அங்கே நான் ஒரு நாளும் கத்தியதில்லை.

மேரியிலிருந்து கடுதாசி அனுப்பவைத்தேன். மடித்து எரவாணத்தில் செருகினார்கள். வருகிறவர்களுக்குச் சுண்டல் என்று சொல்லிப் பார்த்தேன். சுண்டலைச் சம்பளக்காரர்கள் தின்றார்கள். மாசி பிறந்துவிட்டது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிறு காலையில் பம்பு வண்டியின் சக்கரத்தை உதைத்துத் தனியாகப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

சேரியில் நடவுக்குப் போகும் பெண் ஒருத்தி தலையில் தோகைக் கட்டோடு அந்த வழியாக வந்தாள். முந்தின வருஷத் தீயில் வீட்டையும், அவிழ்த்துவிட முடியாமல் போன இரண்டு ஆடுகளையும் இழந்தவள். நின்று கேட்டாள். குடியானவர் சொன்னதைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. கட்டை இறக்கி வைத்தாள்.

“அன்னிக்குத் தொட்டாங்கதான் ஐயா, பொய் சொல்லக் கூடாது. தொட்டு இன்னா? கை பழகலியே. என் ஆடு கத்தினது இன்னும் காதுலயே நிக்குது.” குளத்தைத் தாண்டி மேற்கே பார்த்தாள். “ஆபத்து இருந்தா வருவாங்க. அவ்ளோதான? வர ஞாயித்துக்கெழம காலையிலயே வண்டியக் கொணாந்து வெய்யுங்க. நெருப்பு நான் பாத்துக்கிறேன்.”

மாசியில் அங்கே எல்லோரும் கூரை மாற்றுவார்கள். பழைய தோகையைப் பிரித்து எருக்குழியில் போட்டுவிடுவார்கள். அவள் பிரித்த கூரையைக் குளத்துக்கு மேற்கே வெட்டவெளியில் நாலு கொம்பு நட்டு அதன்மேல் அப்படியே தூக்கி வைத்திருந்தாள். அந்த ஞாயிறு காலை நான் போய்ப் பார்த்தபோது ஒரு குட்டி வீடு நின்றது. அதற்கும் மேற்கே, கூப்பிடு தூரம்கூட இல்லை, அந்தப் பெரிய குடியானவரின் வைக்கோல் போர். ஒரு வருஷத்து மாட்டுத் தீனி. அதை நான் கவனிப்பதற்குள் அவள் கொள்ளியைச் செருகிவிட்டாள். தீ மணியை அடித்தேன், வேறென்ன செய்ய?

குடியானவர் வேட்டியை வாரிக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார். பின்னாலேயே ஒன்பது பேரும்.

“அடிப் பாவி! என் போரு இருக்குதேடி!”

“ஆமாங்க சாமி. அதான் ஆபத்து.”

அவ்வளவுதான் சொன்னாள். முகத்தில் சிரிப்பு இல்லை, பயமும் இல்லை. அவர் ஓடிப்போய் வரிசையின் நடுவில் நின்றார். அவர் நீட்டிய வாளியைச் சேரி ஆள் அவர் கையிலிருந்தே வாங்கினார். விரல்மேல் விரல் பட்டது. நான் கண்ணால் பார்த்தேன். சம்பளக்காரர்கள் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்த வேகத்தில் ஒருவனுக்கு மண்டை இடித்தது. முதல் தடவையாகத் தண்ணீர் தென்னை உயரத்துக்கு ஏறி விழுந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கியது. தீ அணைந்ததும் ஊர்க்காரர்கள் பத்துப் பேரும் குளத்தில் முழுகித் தீட்டுப் போக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போருக்குத் தீ தாவியிருந்தால் என்னடி செய்திருப்பாய் என்று பிறகு அவளைப் பிடித்துக் கேட்டேன்.

“காலையில மேல்காத்துதான ஐயா? பொறி எல்லாம் குளத்துப் பக்கம்தான் போவும். போருக்கு ஒண்ணும் ஆவாது. அவுங்க போரப் பாத்தாங்க, காத்தப் பாக்கல.”

பட்டாளத்தில் எத்தனையோ தளபதிகளின் கீழ் இருந்திருக்கிறேன். இவளுக்கு முன்னால் அவர்கள் எந்த மூலைக்கு? எழுத்து வாசனை இல்லாத ஒரு மனுஷி, அவளை ஒதுக்கி வைத்த அதே பழமொழியைக் கையிலெடுத்து, அதை வைத்தே வரிசையைச் சேர்த்துவிட்டாள். நான் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டேன். அவள் வெட்கப்பட்டு, “போங்க ஐயா” என்று சொல்லிவிட்டுப் புதுத் தோகை வேயப் போனாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் யாராவது ஒரு வீட்டின் பழைய கூரை குளத்தங்கரைக்கு வந்தது. பக்கத்தில் ஏதாவது போர் இருக்கும். நான் மணியடிப்பேன், ஆபத்து வந்துவிடும், ஆட்களும் வருவார்கள். குழாயின் முனையைப் பிடிப்பது யார் என்று சம்பளக்காரர்கள் சண்டை போட ஆரம்பித்தார்கள். முடிந்ததும் முழுக்கு. ஒரு ஞாயிறும் அது தவறவில்லை.

பங்குனியில் ஒரு நாள் உச்சி வேளை, சேரிக்குப் பக்கத்தில் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் அடுப்புப் பொறி பறந்து கூரை பற்றியது. இது யாரும் வைத்த தீ இல்லை. மணியை அடித்துவிட்டு நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் வரிசை நின்றுவிட்டது. என் தொண்டைக்கு வேலையே இல்லை. இருபது பேரின் நாற்பது கையும் ஒரே ஆளுடைய கைபோல் போய் வந்தன. கொட்டகையும் அதை ஒட்டிய ஒரு வீடும் போயின. மற்ற கூரைகள் அத்தனையும் நின்றன. அவள் புதிதாக வேய்ந்த கூரையும் நின்றது. வாசலில் புது ஆடு ஒன்று கட்டியிருந்தது. அவள் அதை அவிழ்க்கக்கூட இல்லை. வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அடுத்த ஞாயிறு எரிக்கப் பழைய தோகை எங்கும் இல்லை. எல்லா வீட்டுக்கும் கூரை மாற்றியாகிவிட்டது. அன்றைக்கு யார் வரப்போகிறார்கள்? பெரிய தீயையும் அணைத்தாயிற்று, இனி மறு மாசிக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். கடமைக்காக மணியை அடித்துவிட்டு வண்டிப் படியில் உட்கார்ந்தேன். சேரி ஆட்கள் வந்தார்கள். கொஞ்சம் பொறுத்துக் குடியானவர் வந்தார், பின்னால் ஒன்பது பேர். பொய் சொல்லி வரவைத்ததாக ஆகிவிடக் கூடாதே என்று எழுந்து நின்றேன்.

“இன்னிக்குத் தீ இல்லீங்க. ஆபத்து ஒண்ணும் இல்ல.”

அவர் குளத்தைப் பார்த்தார். புகையில்லாத வானத்தைப் பார்த்தார். பிறகு வழக்கமாக நிற்கும் இடத்தில், வரிசையின் நடுவில் போய் நின்றார்.

“அதான் தெரியுதே. வாளிய வுடச் சொல்லுய்யா.”

முதல் வாளி வந்தது. அவர் வாங்கி, பக்கத்தில் நின்ற சேரி ஆளின் கையில் கொடுத்தார்.