பாதரசப் பெட்டியில் ஒரு கோணல் கோடு

ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய பாதரசப் பெட்டி ஒன்று என் பீரோவில் இருக்கிறது. கண்ணாடிக் குழாயை ஒட்டிய பலகையில் இரண்டு பென்சில் கோடுகள். மேலே உள்ளது நேராக, அழுத்தமாக இருக்கும். கீழே உள்ளது கோணல்மாணல். யார் கேட்டாலும் பெட்டியைத் தராமல் இருப்பது அந்தக் கோணல் கோட்டுக்காகத்தான்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த புதிதில் அரியலூரில் ஒரு டாக்டரிடம் நர்ஸாக இருந்தேன். என் அக்காவின் கணவர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும், பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரிப் புகையில் ஓடும் கரி பஸ் ஓட்டிய டிரைவர். ஸ்டியரிங்தான் அவருக்கு உயிர். ஒருநாள், ரோடு இரண்டாகத் தெரிகிறது என்று வந்து உட்கார்ந்தார். பாதரசம் இருநூற்றிருபதில் போய் நின்றது. டாக்டர் அங்கே ஒரு கோடு போட்டு, "இது இறங்குற வரைக்கும் வண்டியத் தொடக் கூடாது" என்றார். அத்தான் குலுங்கி அழுதார்.

அன்று இருந்தவை பெரும்பாலும் தூங்க வைக்கும் மருந்துகள். அத்தான் நன்றாகத் தூங்கினார், அழுத்தம் மட்டும் விழித்துக்கொண்டே இருந்தது. ஆறு மாதம் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தும் பயனில்லை. உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் தொண்டை வற்றக் கத்தினார். "இங்கிலீஷ் மருந்துக்கு ஏதுங்க பத்தியம்?" என்று சொல்லிவிட்டு அத்தான் கருவாட்டுக் குழம்பை ஒரு கை பார்ப்பார். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அதே நினைப்புதான். நாட்டு மருந்தென்றால்தான் வாயைக் கட்டுவார்கள். மாத்திரைக்கும் வாயைக் கட்ட வேண்டும் என்பது நர்ஸான எனக்கே உறைக்கவில்லை.

கடைசியாக டாக்டர் ஒரு புது மாத்திரையை வரவழைத்தார். "சர்ப்பகந்தின்னு நம்ம நாட்டு வேருதாம்மா. மாத்திரையா அடிச்சிருக்காங்க" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா 'வேர்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும், "வேர் மருந்துன்னா ஒரு மண்டலம் பத்தியம் இருக்கணும்ல" என்று உப்பையும் புளியையும் கருவாட்டையும் அடியோடு நிறுத்திவிட்டாள். அத்தானும் வேர் மருந்தாயிற்றே என்று அதையே சாப்பிட்டார்.

மூக்கடைப்பு ஒன்றைத் தவிர அவருக்குத் தொந்தரவு இல்லை. வாரா வாரம் பாதரசம் இறங்கியது. நாற்பத்தெட்டாம் நாள் நூற்றைம்பதில் நின்றது. டாக்டர் நம்பாமல் மூன்று முறை பார்த்தார். "வூட்ல என்ன சமையல்?" என்று கேட்டார். அக்கா பத்தியத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "மாத்திரை பாதி, நீங்க பாதி. இந்தக் கோட்ட நீங்கதாம்மா போடணும்" என்று பென்சிலை நீட்டினார்.

வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் உத்தரவு கொடுத்த அன்றே அத்தான் பஸ்ஸை எங்கள் வாசலில் நிறுத்தி, ரப்பர் ஹாரனை அமுக்கோ அமுக்கென்று அமுக்கினார். பஸ்ஸில் இருந்தவர்கள் திட்டினார்கள். எனக்கோ ஊரையே ஜெயித்துவிட்ட சந்தோஷம்!

இப்போது எனக்கே அழுத்தம். மாத்திரைகள் எவ்வளவோ நல்லவை வந்துவிட்டன. ஆனாலும் ஊறுகாய் மேல் ஆசை வரும்போது, டாக்டர் பின்னாளில் எனக்கே தந்துவிட்ட அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என் அக்கா, தன் ஆயுசில் பென்சில் பிடித்துப் போட்டது அந்த ஒரே கோடுதான்.