மண்டோர் மாயாண்டியின் தாடை

எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மாயாண்டி மண்டோரின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் தோட்டத்துத் தொரை, இன்னொருவர் மண்டோரின் சொந்தப் பெண்டாட்டி வீரம்மா. மற்ற எண்பது பேரும், நான் உட்பட, விடிவதற்கு முன் பேர் கூப்பிடும் பெரட்டில் வரிசை கட்டி நின்று, அந்த வாயிலிருந்து வருவதை வாங்கிக்கொண்டுதான் பால் வெட்டப் போவோம். மனுஷன் பால் வெட்டும் கத்தியைக் கீழே வைத்து மண்டோர் ஆகிப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. கத்துவதுதான் வேலை. கோலா கங்சார் ரோட்டில் போகிற பஸ்ஸுக்கே கேட்கும் என்பார்கள். அதில் அவருக்குப் பெருமை வேறு.

கத்துகிற தாடையில் ரொம்ப நாளாகவே கோளாறு இருந்தது. சோறு மென்றாலும் காதுப் பக்கம் ‘கடக்’ என்று ஒரு சத்தம். வலி தாங்காமல் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரிடம் போனார். டிரெசருக்குத் தெரிந்த வைத்தியம் மூன்று: வெள்ளை மாத்திரை, சிவப்புத் தண்ணி, குறடு. மண்டோர் என்ற மரியாதைக்கு நேராகக் குறடுதான் எடுத்தார். ஒரு கடைவாய்ப் பல் போனது. வலி போகவில்லை. அப்படியானால் பக்கத்துப் பல்லாகத்தான் இருக்கும் என்று அதையும் பிடுங்கினார். மூன்றாவது பல்லுக்கு மண்டோர் போகவில்லை. பயந்துவிட்டார் என்று பேசிக்கொண்டோம், மெதுவாகத்தான்.

எழுபத்தொன்பதாம் வருஷம் மாரியம்மன் திருவிழா. கரகம் கோயில் வாசலுக்கு வந்ததும் முதல் சத்தம் கொடுப்பது மண்டோரின் உரிமை. மூச்சை இழுத்து அடிவயிற்றிலிருந்து எடுத்தார்.

“ஆத்தா! மாரியா...”

மிச்சம் வரவில்லை. திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

கண் பிதுங்க, எச்சில் ஒழுக, கையைக் கையை ஆட்டினார். உறுமி வேகமெடுத்தது. மண்டோர் மேல் ஒரு நாளும் அருள் வந்ததில்லை, இன்றைக்கு வந்துவிட்டது என்று கூட்டம் முடிவு கட்டிவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். மஞ்சள் தண்ணி ஊற்றினார்கள். முதல் நாள்கூட அவரிடம் திட்டு வாங்கிய சீனி தடாலென்று காலில் விழுந்தான்.

“ஆத்தா, எம் மவளுக்கு இந்த வருசமாச்சும் கல்யாணம் கூடி வருமா?”

“ஆ... ஆ...”

“சொல்லிட்டா! தாயி சொல்லிட்டா!” என்று அழுதான்.

பூசாரி பழனியப்பன் கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு, நாக்கில் வைக்க வந்தார். அருள் வந்தவர்களுக்கு எங்கள் கோயில் வழக்கம் அதுதான். மண்டோர் பின்னால் நகர நகர, ஆத்தா விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அதில் ஒருவன் நான். பிடித்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது, அதை மறைப்பானேன்?

வீரம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, புருஷன் முகத்தை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள்.

“விடுங்கடா எருமைங்களா! சாமியும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. இந்த ஆளுக்குத் தாடை கழண்டு போச்சுலா!”

மாலையும் மஞ்சளுமாக அவரை ஈப்போ ஆஸ்பத்திரிக்கு லாரியில் ஏற்றிக் கொண்டுபோனோம். பல் டாக்டர் சின்னப் பொண்ணு, பதுருன்னிசா என்று பெயர். ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் மகள். கோலாலம்பூரில் படித்து முடித்து, வேலைக்கு வந்து ஆறு மாசம். தாடை மூட்டைப் பற்றி ஆராய்ச்சி வேறு செய்துகொண்டிருந்தது. கட்டைவிரல் இரண்டிலும் துணியைச் சுற்றி, மண்டோர் வாய்க்குள் விட்டு, கீழே ஒரு அழுத்து, பின்னால் ஒரு தள்ளு. ‘டொக்’. வாய் மூடியது. எண்பது பேர் பதினொரு வருஷமாக ஆசைப்பட்டதை அந்தப் பொண்ணு ஒரு நிமிஷத்தில் செய்தது.

“இங்க ரெண்டு பல்லைக் காணோமே?”

“டிரெசர் புடுங்கிட்டாரு,” என்றாள் வீரம்மா.

“நல்ல பல்லாத்தான் இருந்திருக்கும்மா. கோளாறு மூட்டுலதான். ஐயாவுக்கு என்ன வேலை?”

“கத்துவாரு.”

“சரிம்மா, வேலை என்னன்னு கேட்டேன்.”

“அதான்லா வேலை.”

டாக்டர் அதையும் எழுதிக்கொண்டது. தலையைச் சுற்றித் தாடைக்குக் கட்டுப் போட்டது. ஆறு வாரத்துக்குக் கஞ்சி, கொட்டாவிகூட விடக்கூடாது, கத்தினால் மறுபடி கழலும் என்றது. தொரைக்கு ஒரு கடிதமும் கொடுத்தது.

மண்டோர் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தார், வெளியே எடுக்கவில்லை. கத்த முடியாத மண்டோரைத் தொரை வைத்துக்கொள்வாரா? லீவு போட்டால் அந்த இடத்துக்கென்றே காத்திருக்கும் சீனி வந்து நின்றுகொள்வானே! தொரையிடம் பல் வலி என்று கட்டுக்குக் காரணம் சொல்லிவிட்டு, பெரட்டில் என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அவர் என் காதில் சொல்வது, நான் கூட்டத்துக்குச் சொல்வது என்று ஏற்பாடு.

முதல் நாள் சீனியைக் கைகாட்டி, பல்லைக் கடித்தபடி முனகினார். சீனியின் அப்பன், பாட்டன் எல்லாரும் அதில் வந்து போனார்கள்.

“சீனி அண்ணே, நேரத்தோட மர நிரைக்குப் போயிடச் சொல்றாரு,” என்றேன்.

“அவ்ளோ நேரம் சொன்னாரு, இவ்ளோதானா?”

“மிச்சம் உங்க குடும்பத்த நலம் விசாரிச்சாரு.”

பெரட்டே சிரித்தது. மண்டோர் என்னை முறைத்தார். முறைக்கத் தாடை வேண்டியதில்லை.

புதன்கிழமைதோறும் ஈப்போ. அங்கே பயிற்சிக்கு வந்த நாலு டாக்டர்கள் அவரைச் சுற்றி நிற்பார்கள். காது முன்னால் விரலை வைத்து, ‘திறங்க, மூடுங்க’ என்பார்கள். ஒருவர் சின்ன அளவுகோலை வைத்து வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளப்பார். எண்பது பேரை ஏவிய மனுஷன், சொன்னபடி திறந்து சொன்னபடி மூடினார்.

இங்கே தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஜெயபாலன் வேறொன்றை அளந்துகொண்டிருந்தார். பால் கூடிக்கொண்டே போனது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மண்டோர் திட்டி முடிக்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி மிச்சமானதால் நாங்கள் சீக்கிரமே மரத்துக்குப் போனோம். வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால் மரம் கூடவே பால் விடும். இது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

ஆறு வாரம் முடிந்தது. டாக்டர் கட்டை அவிழ்த்து, இனி அளவாகப் பேசலாம் என்று அனுப்பியது. மறுநாள் மண்டோர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெரட்டுக்கு வந்தார். வாயைத் திறப்பதற்குள் கிராணி அவரை ஓரமாகக் கூப்பிட்டார்.

“இனிமே பெரட்டுக்கு மண்டோர் வேணாமாம். நான் பேர் கூப்பிட்டாப் போதும்னு தொரை சொல்லிட்டாரு.”

மண்டோர் அவசரமாகக் கடிதத்தை எடுத்து நீட்டினார். “எனக்கு ஒடம்புக்கு முடியாமப் போச்சுங்க கிராணி. இந்தாங்க, டாக்டரே எழுதியிருக்கு. இப்பச் சரியாப்போச்சு!”

கிராணி படித்தார். “ஆறு வாரம் லீவு குடுக்கணும்னுல்ல எழுதியிருக்கு! அன்னிக்கே குடுத்திருந்தா நீங்க பாட்டுக்கு வீட்ல படுத்திருப்பீங்க, சீனி கத்தியிருப்பான், தொரையும் ஒண்ணும் கவனிச்சிருக்க மாட்டாரு. நீங்க இங்கயே வாயக் கட்டிக்கிட்டு நின்னதுனாலதான் அவருக்கு வெளங்குச்சு.”

அன்று மாலை லயத்தில் மண்டோர் வீட்டிலிருந்து பழைய சத்தம் கேட்டது. தொரை, கிராணி, நான், டாக்டர், ஒருவரையும் விடவில்லை. வீரம்மா கொஞ்ச நேரம் பொறுத்தாள்.

“இந்தாய்யா, அந்த டாக்டர் பொண்ணுட்டச் சொல்லி மறுபடி கழட்டிவிடச் சொல்லட்டா?”

சத்தம் நின்றது.

மறுநாள் மண்டோரும் எங்களைப் போலப் பால் வெட்டும் கத்தியோடு வந்தார். என் பக்கத்து நிரைதான் கிடைத்தது. நாலாவது மரத்திலேயே பட்டை தாண்டி உள்ளே இறக்கிவிட்டார். பால் வெட்டுக்கோட்டைத் தாண்டி வழிய, மரம் அழுதது.

“ரொம்ப ஆழமாப் போவுது மண்டோரே,” என்றேன்.

“எங்க?” என்றார். குனிந்து பார்த்தார். “காட்டு.”