வெள்ளிக்கிழமைக் கேக்

தொண்ணூறுகளின் நடுவில் கனடாவின் ஸ்காபரோவில் மருந்துப் பெட்டி அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தேன். ஒருநாள் மெஷின்களை நிறுத்தி எல்லோரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார்கள். இனவாதத்துக்கு எதிரான வகுப்பாம். தமிழ்ப் பெண்கள் ஏழு பேரில் எனக்குத்தான் கொஞ்சம் ஆங்கிலம் ஓடும். மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு அதில் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

படிப்பிக்க வந்த பெண், கனடா அரசு பூர்வகுடிகளோடு செய்த ஒப்பந்தங்களையும் அவை மீறப்பட்ட விதத்தையும் சொன்னார். “அப்ப அவையளும் எங்களைப் போலத்தான்” என்றார் எங்களில் மூத்த அன்ரி. பிறகு, வகுப்பெடுத்தவர் நாங்கள் வேலையிடத்தில் பட்ட அவமானங்களைக் கேட்டார். கறி மணத்துக்கு ஃபோர்மன் மூக்கைப் பொத்துவதை எங்களவர்கள் சொன்னார்கள். நான் கண், காது, மூக்கு வைத்து ஆங்கிலமாக்கினேன்.

நல்ல அனுபவம் ஏதும் உண்டா என்று கேட்டதும், என் பக்கத்தில் நின்று பெட்டி அடைக்கும் ஜமேய்க்காப் பெண் கையை உயர்த்தினார். வெள்ளிதோறும் தான் கேக் சுட்டு வருவதாகவும், தமிழர் மேசையில் அதை வாங்கிச் சாப்பிடுவது நான் ஒருத்திதான் என்றும் சொன்னார். என்னை மதிக்கிறவள் இவள் என்று என் தோளைத் தொட்டார்.

வாங்கியது உண்மை. சாப்பிடவில்லை. நாலு மாதமாகக் கடதாசியில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மரக்கறி நாள், கேக்கில் முட்டை இருக்கும் என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொள்வேன். ஆனால் வெள்ளைக்கார ஃபோர்மனின் பிறந்தநாளும் ஒரு வெள்ளிக்கிழமைதான் வந்தது. அந்தக் கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டேன். அன்றைக்கு முட்டை நினைவுக்கு வரவில்லை. ஊரில் சில வீடுகளில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வளர்ந்த புத்தி, என்னோடு விமானம் ஏறி வந்திருந்தது.

நான் கேக்கை எறிவதைப் பார்த்திருந்த ஆறு பெண்களும் என் முகத்தையே பார்த்தார்கள்.

“அவ என்னவாம் சொல்லுறா? சொல்லுங்கோ பிள்ளை” என்றார் அன்ரி.

அவருக்கு விளங்கியிருக்கும். கேக் என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பா வேண்டும்! என்னைப் பற்றிய புகழ்ச்சியை நானே ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அவ்வளவு வெட்கமாக இருந்தது.

வேலை முடிந்து பஸ் தரிப்பில் நின்றபோது ஜமேய்க்காப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன். நல்லவளாகும் ஆசையில் அல்ல, வேறு யாராவது முந்திவிடுவார்களோ என்ற பயத்தில். அவர் கோபப்படவில்லை. எல்லா வெள்ளியுமா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். பஸ் வந்தது. அவர் முன்னால் போய் இருந்தார், நான் பின்னால் நின்றேன்.

அடுத்த வெள்ளியும் கேக் கொண்டுவந்தார். எங்கள் மேசையில் ஒவ்வொருவருக்கும் நீட்டினார். அன்ரி தயங்கித் தயங்கி ஒரு துண்டு எடுத்து, அவர் முன்னாலேயே சாப்பிட்டார். நானும் கையை நீட்டினேன். அவர் தட்டை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, “எக்ஸ்கியூஸ் மீ” என்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டு என்னைக் கடந்துபோனார்.