அண்ணன் காருக்கு நான்கு ஸ்பேசர்

என் டயர் கடையை ஒட்டினாற்போல் லேத் அக்காவின் பட்டறை. அப்பா விட்டுப்போன லேத்தை அவள் ஒருத்தியாகவே ஓட்டுகிறாள். காதிடுக்கில் பென்சில், செருப்பெல்லாம் இரும்புத் துகள், வம்பு பேசினால் திரும்பிக்கூடப் பார்க்காத கழுத்து. அவளிடம் நல்ல குணங்கள் நிறைய உண்டு. மன்னிப்பது அதில் சேராது. எனக்கு அவளைப் பிடித்ததே அதனால்தான்.

அவளுடைய அப்பாவிடம் ஒரு பழங்காலத்துக் கார் இருந்தது. அதற்கு வார்ப்பு அலுமினியச் சக்கரங்கள், அவர் ஆசை ஆசையாகத் தேடி வாங்கிப் போட்டவை. அவர் படுக்கையில் விழுந்தபோது அந்த வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அலைந்தவள் அக்காதான். அவளுடைய அண்ணன்காரன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டர் கைவிரித்த பிறகு, அப்பா கண்ணெதிரே ஏதாவது பளபளக்கட்டும் என்று நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். மெருகு போட்டு முடிப்பதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அடக்கம் முடிந்த கையோடு, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் அவள் விரல்களைப் பிரித்துக் கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். "பொம்பளைக்கு எதுக்குக் காரு?" என்றான். பங்கு பிரித்தபோதும் அவன் வைத்ததுதான் சட்டம். "வீடும் வண்டியும் எனக்கு. பட்டறையும் அதுல கெடக்குற குப்பையும் அவளுக்கு" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு ஷெட்டைத் திறந்து பார்த்தால், வண்டி நான்கு மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. சக்கரங்கள் குப்பையோடு குப்பையாகத் தங்கைக்குப் போயிருந்தன.

ஆள் மேல் ஆள் அனுப்பினான். அக்கா எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னாள். "அவனே வரட்டும். என் வாசல்ல நின்னு வாயத் தெறந்து கேக்கட்டும்."

அவன் வருவானா? அப்பன் சாவுக்கே தாமதமாக வந்தவன். வீம்புக்கு நான்கு புதுச் சக்கரங்களை வாங்கிக்கொண்டு என் கடைக்கு வந்தான். ஓட்டைகள் பொருந்தின, ஆனால் மாட்டினால் சக்கரம் உள்ளே அழுந்திப்போய்ப் பிரேக்கில் உரசியது. நடுவில் ஒரு கனமான வட்டு வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ள வேண்டும், அதற்குப் பெயர் ஸ்பேசர் என்று விளக்கினேன். "எங்கயாவது கடைஞ்சு போடு. எங்கேன்னு எனக்குத் தெரிய வேணாம்" என்றான். இந்த ஊரில் அந்த வேலையைச் செய்ய ஒரே ஒரு லேத்தான் இருக்கிறது என்பது அவனுக்கும் தெரியும்.

அளவுச் சீட்டைப் பார்த்ததும் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நடுத்துளையைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டால் போதும், வேகத்தில் சக்கரம் ஆட்டம் காணும். ஆள் போய்ச் சேருவான். மாட்டிவிட்டவன் என்று போலீஸ் என்னைத் தேடி வரும்.

"அக்கா, கோபத்த இதுல காட்டிடாதீங்க. நான் புள்ளகுட்டிக்காரன்."

"பயப்படாதடா. அவன் செத்துட்டா அப்புறம் யாரு வந்து என்கிட்ட கேக்குறது?" என்றாள் அக்கா.

அப்படிச் சொன்னவள் அலமாரியைத் துழாவினாள். அந்தக் கனத்துக்கு அலுமினியம் இல்லை. கொஞ்ச நேரம் பரணை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். மதியம் முழுக்க லேத் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஸ்பேசர்கள் வந்ததும் வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தேன். மயிரிழை பிசகில்லை. வார்ப்பு உலோகத்தில் இருப்பதுபோல் ஓரத்தில் பொட்டுப் பொட்டாகக் குழிகள் தெரிந்தன. அளவு சரியாக இருந்தால் நமக்கென்ன என்று நீளமான போல்ட் போட்டு மாட்டிக் கொடுத்தேன். வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. அண்ணன் எங்கள் தெருவில் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி, பட்டறை வாசலில் ஹாரன் அடித்துவிட்டுப் போனான். அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை.

பழைய கார்களை வாங்குகிற ஒரு செல்வந்தர் அந்த வண்டியைப் பார்த்து மயங்கியதுதான் அவனுக்கு வினையாகிப்போனது. அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: கூடவே அந்தப் பழைய சக்கரங்களும் வேண்டும்.

அண்ணன் வந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பட்டறை வாசலில் நின்றான். நான் என் வேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க நான் என்ன சாமியாரா?

"அந்தச் சக்கரத்தக் குடு" என்றான், தரையைப் பார்த்து.

"லேத் சத்தத்துல காது கேக்கல."

"சக்கரத்தக் குடும்மா. கேக்குறேன்ல."

அக்கா லேத்தை நிறுத்தினாள். பரணில் ஏறி நான்கையும் ஒவ்வொன்றாக இறக்கி அவன் காலடியில் வைத்தாள். பளபளவென்று இருந்தன. நான்கும் வெறும் வளையங்கள். வண்டியில் முடுக்குகிற நடுப்பாகம் மட்டும் வட்டமாக அறுபட்டிருந்தது.

"நடுவுல இருந்தது ஸ்பேசரா உன் வண்டியிலதான் இருக்கு. இத்தன நாளும் அது மேலதான் ஓட்டிக்கிட்டிருந்த. கழட்டிப் பாத்துக்க."

அண்ணன் குனிந்து ஒரு வளையத்தின் நடுவில் கையை விட்டுப் பார்த்தான். என் பக்கம் திரும்பினான். நான் ஒரு டயருக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

"அப்பா வாங்குன சக்கரம்டி. ஒரு வார்த்த கேட்டியா?"

"சாவியப் பிடுங்குறப்ப நீ கேட்டியா?"

அவன் வளையங்களைக்கூட எடுக்காமல் போய்விட்டான். வண்டி விலைபோகவில்லை. நான் ஒரு டீயை வாங்கிக்கொண்டு போய் அக்காவிடம் நீட்டினேன். அவள் ஒரு வளையத்தை மடியில் வைத்து, அறுபட்ட விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதாக்கா?"

"வலிக்குது. அன்னைக்கு அறுக்கும்போதே வலிச்சுது" என்றாள். டீயை ஒரு வாய் குடித்தாள். "ஆனா அவனுக்கு இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்கு."