கப்பலுக்குப் போன சீருடைத் துணி

ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சீருடைத் துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அளவு பார்த்துக் கொடுப்பது எங்களைப் போன்ற டீச்சர்மாரின் வேலை. நான் அதை யார் தலையிலாவது கட்டிவிட்டு வகுப்பிலேயே இருந்துகொள்வேன். சோம்பேறி என்று நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். அந்த வெள்ளைத் துணியின் கஞ்சி வாடை மூக்கில் ஏறினால் எனக்கு அப்பா செய்த கப்பல் ஞாபகத்துக்கு வந்துவிடும். அப்புறம் அன்று முழுக்க யாரோடும் முகங்கொடுத்துப் பேச முடியாது.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசையில், கடைசிக் காம்பராவில், ஒற்றை அறையில் இருந்தோம். அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை, தேயிலைச் செடியின் முற்றிய கிளைகளை வெட்டிவிடுவது. கல்யாணத்துக்கு முன்னால் கொழும்பில், வெள்ளைக்காரர்களுக்கு விற்பதற்கு மாதிரிக் கப்பல் செய்கிற ஒரு பட்டறையில் கொஞ்ச காலம் இருந்தவர். பட்டறையை மூடியதும் கப்பல் வரைபடங்களின் போட்டோகொப்பி ஒரு கட்டோடு ஊருக்கு வந்து சேர்ந்தார். கவ்வாத்துக்காரர்களுக்கு மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். பொம்பிளைகள் அந்தி வரைக்கும் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே அம்மா மலையில் நிற்கிற நேரத்தில் அப்பா வீட்டில் கப்பல் கட்டினார். அம்மா வந்து அடுப்பைப் பற்றவைக்கும்போது, தலை நிமிராமல் "தேத்தண்ணி" என்பார்.

அவர் செய்ததெல்லாம் கிளிப்பர் என்கிற பழைய பாய்மரக் கப்பல்கள். கூரான மூக்கு, ஒல்லியான உடம்பு, மூன்று பாய்மரம். அந்தக் காலத்தில் சீனாத் தேயிலையை ஏற்றிக்கொண்டு, சீமைக்கு யார் முதலில் போய்ச் சேர்வது என்று ஒன்றோடொன்று போட்டி போட்டு ஓடியவையாம். நிஜக் கப்பலின் ஓர் அடிக்கு எங்கள் காம்பராவில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. "கணக்கு தப்புனா அது கப்பல் இல்ல, வெளையாட்டுச் சாமான்" என்பார். பழைய தேயிலைப் பெட்டியின் பலகையைக் கீற்றுக் கீற்றாக அறுத்து, சுடுதண்ணீரில் ஊறவைத்து, வளைத்து ஒட்டுவார். நிஜக் கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்திருப்பார்களாம். அதற்குப் பெட்டிக்குள் இருக்கிற ஈயத்தாளைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டிச் சாயம் பூசுவார். அந்த வேலையில் குறை சொல்ல முடியாது. இன்றைக்கும் சொல்ல மாட்டேன். கடலையே பார்த்திராத எங்கள் லயத்துச் சனம் வாசலில் நின்று வாயைப் பிளக்கும். அப்போது மட்டும்தான் அப்பா சிரிப்பார்.

நான் சின்ன வகுப்பில் இருந்த வருஷம் அது. அது முடிந்தால் அக்கா பத்தாம் ஆண்டுக்குப் போக இருந்தாள். எங்கள் லயத்தில் எந்தப் பொம்பிளைப் பிள்ளையும் அதுவரை அவ்வளவு தூரம் படித்ததில்லை. அவளை டீச்சராக்கிப் பார்க்க வேண்டும் என்று அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாள். கப்பலுக்கு நூல் ஏணி கட்டித்தருவதும் அக்காதான். பாய்மரத்தின் இரண்டு பக்கமும் மேலே ஏறிப்போகிற அந்த ஏணியில், ஒவ்வொரு படிக்கும் முடிச்சு விழ வேண்டும். அப்பாவின் தடித்த விரல் அதற்குள் நுழையாது. அக்கா காலை நீட்டி உட்கார்ந்து, பாடத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே முடிச்சுப் போடுவாள். ஒருநாள் கேட்டாள்.

"ஏப்பா, இவ்ளோ பெரிய கப்பல்ல ஒரு ஆளையும் காணோமே?"

"ஆளு வச்சா அழகு கெட்டுரும்."

கொழும்பில் தேயிலை ஏற்றுமதி செய்கிற ஒரு குடும்பத்து அம்மாவுக்கு, வரவேற்பறையில் வைக்க ஒரு கப்பல் வேண்டுமாம். தோட்டத்துப் பெரிய கணக்கப்பிள்ளை அப்பாவைக் கைகாட்டிவிட்டார். வேலை பாதியில் இருக்கும்போது அந்தம்மா பார்க்க வந்தார். கோவிலிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டோம். அவர் கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு நூல் ஏணியில் வந்து நின்றார்.

"இந்த முடிச்செல்லாம் யாரு போட்டது?"

"மூத்த மகதாங்க."

அக்காவைக் கூப்பிட்டு ஒரு முடிச்சுப் போடச் சொன்னார். ஒன்று கேட்டவருக்கு அக்கா ஒரு வரிசையே போட்டுக் காட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "கை சுறுசுறுப்பான புள்ள" என்றார் அந்தம்மா. அப்புறம் அப்பாவைத் தான் வந்த வேன் பக்கம் கூட்டிப்போய் ஏதோ பேசினார்.

சாப்பிடும்போது அப்பா விஷயத்தைச் சொன்னார். "அக்காவ கொழும்புக்குக் கூட்டிட்டுப் போறேங்குறாங்க. அவங்க கைக்கொழந்தையப் பாத்துக்கிட்டா போதுமாம். அங்கயே பள்ளிக்கூடத்துலயும் சேத்துவிடுறாங்களாம்."

"அவ இங்கயே ஓ.எல். பரீட்சைய எழுதட்டுங்க" என்றாள் அம்மா.

"அங்க எழுதுனா ஆகாதா?"

எந்தப் பள்ளிக்கூடம் என்று அக்கா கேட்டாள். "பெரிய பள்ளிக்கூடம்" என்றார் அப்பா. அம்மா மறுநாள் சாப்பிடாமலே மலைக்குப் போனாள். அவள் எதிர்ப்பெல்லாம் அவ்வளவுதான். தன் வயிற்றைக் காயப்போட்டு அப்பாவை அவள் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் சீருடைத் துணி கொடுத்தார்கள். அக்கா தன் துணியை மடித்து, பெட்டியில் என் துணிக்கு மேல் வைத்தாள். சனிக்கிழமை அப்பா பெட்டியைத் திறந்து அதை எடுத்துத் தரையில் விரித்தார். பென்சிலால் கோடு போட்டார். கத்தரிக்கோலை எடுத்தார்.

அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். "பள்ளிக்கூடத்துல சேக்குறதா சொன்னீங்களே. துணிக்கு என்ன செய்யிறது?"

"பாயில்லாம கப்பலு எப்புடி ஓடும்?" என்றார் அப்பா. கேட்டதற்கு அது பதில் இல்லை. எனக்கோ அது பெரிய அறிவாளியின் பேச்சாகப் பட்டது.

வெட்டிய துண்டுகளைத் தேயிலைச் சாயத்தில் கொதிக்கவைத்தார். பழைய கப்பலின் பாய்க்கு அந்த நிறம்தான் சரி வருமாம். காய்ந்ததும் ஓரம் மடித்துத் தைக்கச் சொல்லி அக்காவிடமே கொடுத்தார். அவள் தைத்தாள். நான் சிணுங்கினேன், அக்கா துணியை மட்டும் எடுக்கிறீர்களே, என் துணியையும் எடுங்கள் என்று. அப்பா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"ஒனக்கு வேணும். வச்சுக்க" என்றாள்.

கப்பலில் இடம் முழுக்கத் தனக்கே வேண்டும் என்று நினைக்கிறாள், பேராசைக்காரி என்று நான் அவளோடு கோபித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து வேன் வந்தது. அப்பா கப்பலுக்குச் சூடம் காட்டி, அதன் மூக்கில் சந்தனம் வைத்தார். வேன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். அந்தம்மாவிடம் விவரமாகச் சொன்னார். வெயில் படக்கூடாது. சின்னப் பிள்ளைகள் கை படக்கூடாது. ஈரத் துணியால் துடைக்கக்கூடாது, மெல்லிய தூரிகையால்தான் தட்ட வேண்டும். அந்தம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அக்கா தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தாள். அவள் மடியில் கப்பலை வைத்தார்கள். அப்பா அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"குலுக்காமப் புடிச்சுக்க."

கடைக்காரன் சாமானோடு கொசுறு போடுவான் அல்லவா, அப்படி எங்கள் அக்காவைக் கப்பலோடு கொடுத்து அனுப்பினார் அப்பா. வேன் வளைவில் மறைந்ததும் நான் கதறி அழுதேன். லயத்துப் பொம்பிளைகள் என்னைத் தூக்கிக்கொண்டு, அக்கா பொங்கலுக்கு வந்துருவா என்று தேற்றினார்கள். நான் கப்பலுக்காக அழுதேன்.

பொங்கல்கள் வந்து போயின. அக்கா திரும்பி வந்தபோது நான் அவள் விட்ட வகுப்பைத் தாண்டியிருந்தேன். பள்ளிக்கூடம் என்கிற பேச்சையே கொழும்பு வீட்டில் யாரும் எடுக்கவில்லை. இப்போது கல்யாணமாகி வட்டகொடையில் இருக்கிறாள். அந்தக் கொழும்பு வீட்டைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் என்னிடம் பேசினாள். "காலையில எந்திரிச்சு கப்பலைத் தட்டுறதுதான் மொத வேல. பாயை மட்டும் தொடக்கூடாதுன்னு சொல்லிருந்தாங்க."

அப்பா இன்னும் இருக்கிறார். வருகிறவர்களிடம் அந்தக் கப்பலைப் பற்றிப் பேசுகிறார். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அக்கா போய்க் கொஞ்ச நாளில் பள்ளிக்கூடம் திறந்தது. திறப்பதற்கு முந்தின நாள் அம்மா என் துணியைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். பெட்டியில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அவளைச் சந்தோஷப்படுத்த நினைத்து நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா துணியில பாயி ரொம்ப அழகா வந்துச்சுல்லம்மா. இதையும் குடுத்திருந்தா நானும் வேன்ல போயிருப்பேன்."

அம்மா கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அதற்கு முன்னால் அவள் என்னை அடித்ததே இல்லை. அப்புறம் ஊசியில் நூல் கோக்க முடியாமல், எச்சில் தொட்டுத் தொட்டு முயன்றுகொண்டே இருந்தாள். நல்லதைத்தானே சொன்னோம், இதற்குப் போய் அடிப்பார்களா என்று நான் அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன்.