இரண்டாம் தரம் கேட்பார்கள் என்று

மில் கேட்டுக்கு எதிரே பத்தொன்பது வருஷமாகச் சோற்றுக்கடை வைத்திருக்கிறேன். கேட்டில் இப்போது சங்கிலி தொங்குகிறது. மூன்று ஷிப்டுக்கும் மாற்றி மாற்றிச் சோறு வடித்த அடுப்பில் இன்று காலையில் ஒரு தரம் வடித்தால் சாயங்காலம்வரை மிஞ்சிக் கிடக்கிறது. என் பெயர் மூர்த்தினி. எங்கள் சோலோ ஊர்ப்பக்கத்துப் பெண்களுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும் என்பார்கள். எனக்கு அப்படி வராது. மாமியார் இருந்தவரை அதைச் சொல்லியே தலையில் அடித்துக்கொள்வாள்.

பாக் மர்சூடி என் கடைக்குப் பின்சந்தில் குடியிருக்கிறவர். ஐயா என்பதை நாங்கள் பாக் என்போம், அம்மா என்பதை இபு என்போம். இருபத்தாறு வருஷம் அந்த மில்லில் தறி ஃபிட்டர். உள்ளே போகவே வேண்டாம், என் பெஞ்சில் உட்கார்ந்து காதைக் கொடுத்தாலே எந்த வரிசையில் எந்தத் தறி கோளாறாகி இழுக்கிறது என்று சொல்லிவிடுவார். தங்கமான மனுஷன். ஒரே ஒரு குறை, எதையும் முதல் தரம் கேட்டால் வேண்டாம் என்பார். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. போன வீட்டில் டீயை முன்னால் வைத்தால், குடிங்க என்று இன்னொரு தரம் சொல்கிறவரை தொடமாட்டோம். சோறு போடட்டுமா என்றால் இப்போதுதான் சாப்பிட்டேன் என்போம். கேட்கிறவர்களுக்கும் அது தெரியும், மறுபடி கேட்பார்கள். மூன்றாம் தரத்துக்குள் தட்டு நிறைந்துவிடும்.

பாக் மர்சூடி இதைத் தொழுகைக்குச் சமமாகக் கடைப்பிடிப்பார். காசு கொடுத்துச் சாப்பிட வந்த கடையில்கூட, "சாப்பிட்டாச்சா பாக்?" என்று கேட்டால், "ஆச்சு இபு" என்பார். கண் மட்டும், சோயாவில் செய்த டெம்பே பொரித்து வைத்திருக்கிற தட்டிலேயே இருக்கும். நான் திட்டிக்கொண்டே சோறு போடுவேன்.

நோன்பு மாதத்துக்கு முந்தின வாரம் மில்லை மூடினார்கள். கேட்டில் ஒரு தாள் ஒட்டினார்கள், அவ்வளவுதான். தொழிலாளிக்குச் சேரவேண்டிய பணம் கோர்ட்டில் இருக்கிறது என்றார்கள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அந்த வருஷம் பெருநாளுக்கு எங்கள் சந்தில் ஒரு பிள்ளைக்கும் புதுச்சட்டை இல்லை.

அவருக்கு நாற்பத்தொன்பது வயது. எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் முப்பத்தைந்துக்கு மேல் வேண்டாம் என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறான். கொத்தனாருக்குக் கையாளாகப் போனார், நாலாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. மைத்துனனின் மோட்டார் சைக்கிளை வாங்கிச் சவாரி ஓட்டினார். இறங்குகிறவர் காசை நீட்டினால், "இருக்கட்டுங்க" என்று முதல் தரம் மறுப்பார். சந்தைக்கு வந்த வெளியூர்க்காரர் இரண்டு பேர் அதை நம்பி, நன்றி சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்கள். இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தது. மைத்துனன் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

அதற்கப்புறம் தினமும் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு என் பெஞ்சில் வந்து உட்கார ஆரம்பித்தார். எதிரே அந்தச் சங்கிலி. அதையே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்குப் போனால் பெண்டாட்டி முகத்தைப் பார்க்கவேண்டும், வேறு எங்கே போவது? எழுந்துபோக இடமில்லாத மனுஷனை நாள்முழுக்கப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்குவதில் எனக்கே மூச்சு முட்டியது.

அவர் மனைவி கசீனா என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னை அக்கா என்பாள், புருஷனை மாஸ் என்பாள். ஒரு நாள் என் கடைக்குப் பின்பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள். ஹாங்காங்கில் வீட்டு வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம். ஏஜெண்டிடம் பெயர் கொடுத்துவிட்டாளாம். புருஷன் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, ஊர்த்தலைவர் முத்திரை வாங்கி, மாதக் கடைசிக்குள் கொடுத்தால் போதும். பதினாறு வயசுப் பெண் வெனிங் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள், அவள் படிப்பை நிறுத்தவேண்டாமே என்றாள். போகணும்னு ஆசையா என்று கேட்டேன். தரையைப் பார்த்தாள். அதற்குள் அவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டால் அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிடுவேன் என்றாள்.

ஆக, மாதக் கடைசிக்குப் பதினோரு நாள் இருந்தது.

அந்த வாரமே வேலை வந்தது. வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஜனம் கலைகிற நேரம். ஹாலொமோவான் என்று ஒரு மேடான்காரர், கடல் தாண்டி வந்தவர், முன்பு மில்லுக்கு உதிரிபாகம் சப்ளை செய்தவர், பேச ஆரம்பித்தால் தெருக்கோடிவரை கேட்கும். என் கடைக்குள் வந்தார். டீயை வைத்தேன், வைத்த கையோடு பாதியைக் குடித்தார். அவர் ஊர்க்காரர்கள் அப்படித்தான், டீ என்றால் டீ.

"உங்களத்தான் தேடி வந்தேன் பாக். கைலி நெய்யப் பன்னெண்டு தறி வாங்கிப் போட்டிருக்கேன், ரோட்டுக்கு அந்தாண்ட கொட்டகையில. ஹெட் ஃபிட்டரா வந்துடுங்க. திங்கக்கிழமை ஆரம்பிக்கலாமா?"

பாக் மர்சூடியின் கை மேஜைக்கு அடியில் சட்டை நுனியை இழுத்து இழுத்து நேராக்கியதை நான் பார்த்தேன். முகம் மட்டும் சிரித்தது.

"ஐயோ, நான் எங்கங்க. வயசாயிடுச்சு, எனக்கு அவ்வளவு திறமை பத்தாதுங்க. நம்ம சுரோத்தோ இருக்கானே, என்கிட்ட வேலை செஞ்சவன், என்னைவிட நல்லாப் பாப்பான்."

நாங்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வோம். பெரிய பொறுப்பை உடனே வாங்கிக்கொண்டால் அலைகிறான் என்றாகிவிடும். இன்னொருத்தன் பெயரைச் சொல்லவேண்டும், அப்புறம் கேட்டவர், இல்லை நீங்கள்தான் வேண்டும் என்று சொல்லவேண்டும். நான் எண்ணெய்ச் சட்டியில் டெம்பேயைத் திருப்பிப்போட்டுக்கொண்டு அந்த இரண்டாம் தரத்துக்காகத்தான் நின்றேன். பெரிய வாய்க்காரி என்று பெயர் எனக்கு. அன்றைக்கு நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

ஹாலொமோவான் அவரை ஒரு பார்வை பார்த்தார். முகம் விழுந்துபோயிற்று. "நெஜமாத்தான் சொல்றீங்களா?" என்றார். "நெஜமாத்தாங்க" என்றார் இவர், அதுவும் அந்த மரியாதையில் சேர்த்தி. "சரி, உங்க இஷ்டம்" என்று மீதி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். கரண்டியை வைத்துவிட்டு நான் திரும்புவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று நினைவில்லை. ஓடுங்க, பின்னாலேயே ஓடுங்க என்று கத்தினேன். அவர் அசையவில்லை. நாளைக்கு வந்து கேட்பார், அவருக்குத் தெரியாதா என்றார். சனிக்கிழமை இஸ்திரிச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்தார். ரோட்டில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார்.

திங்கட்கிழமை சுரோத்தோ வந்தான். நாற்பது வயசு, மூன்று பிள்ளைக்காரன், ஆறு மாதமாகச் சும்மா இருந்தவன். பாக் மர்சூடியின் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதான். நீங்கள் சொன்னதால்தான் வேலை கொடுத்தார் என்றான். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டு வந்திருந்தான். அதை எதற்கப்பா என்று இவர் மறுக்க, அவன் மறுபடி நீட்ட, இவர் மறுபடி மறுக்க, மூன்றாம் தரம் வாங்கிக்கொண்டார். ஒழுங்கு மரியாதை எல்லாம் சரியாக நடந்தது, வேலைதான் போயிற்று.

அவன் போனதும், நான் போய் அந்த மேடான்காரரிடம் உண்மையைச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். என் குறுக்கே வந்து நின்றுவிட்டார். சுரோத்தோவுக்கு மூன்று பிள்ளைகள், வாயில் போட்டதைப் பிடுங்கச் சொல்கிறீர்களா என்றார். நான் அடுப்புக்கே திரும்பினேன். நாலு பக்கமும் அவரே சுவர் எழுப்பிக்கொண்டு நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

மாதக் கடைசி வந்தது. கசீனா தாளைப் புருஷன் முன்னால் வைத்தாள். மறுநாள் காலை என் அடுப்படியில் முக்காட்டின் முனையை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள்.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்வாருன்னு நெனச்சேன் அக்கா. பேனா இருக்கான்னு கேட்டாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே பெஞ்சுக்குப் போய் அவரைக் கேட்டேன், எப்படிய்யா கையெழுத்துப் போட்டீங்க என்று. அவர் சங்கிலியைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவள் தானாக எடுத்த முடிவாம். தடுத்தால், சம்பாதிக்கத் துப்பில்லாதவன் சம்பாதிக்கப் போகிறவளையும் கட்டிப்போடுகிறான் என்றாகிவிடுமாம். போகட்டுமா வேண்டாமா என்று அவள் வாய்விட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாராம். அடுப்படியில் நிற்கிறவளிடம் வந்து, நீயாவது அவரிடம் கேளேன் என்றேன். அவர் வாயிலிருந்து வரட்டும் என்றாள். இவளுக்கும் அவருக்கும் நடுவில் பத்தடி இருந்திருக்கும். இருவர் தலையையும் பிடித்து முட்டவேண்டும்போல இருந்தது.

மருத்துவப் பரிசோதனை, பாஸ்போர்ட்டு எல்லாம் ஏஜெண்டு செலவில் வேகமாக நடந்தது. ஒரு புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வேன் வந்தது. முதலில் செமராங் நகரத்தில் மூன்று மாதப் பயிற்சி, அங்கிருந்தே விமானம். வெனிங் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாக் மர்சூடி பெட்டியைத் தூக்கி வேனில் வைத்தார், அது ஆடாமல் இருக்க ஒரு துண்டைச் சுருட்டி அடியில் கொடுத்தார், இன்னொரு தரம் ஆட்டிப் பார்த்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பினான்.

அப்போதுதான் ஜன்னல் கம்பியைப் பிடித்தார்.

"போகாதே, கசீனா."

அவள் அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்ப்பாள் என்று நினைத்தேன். கோபமில்லை.

"இதை அன்னிக்குச் சொல்லியிருந்தா அந்தப் பேப்பரை அங்கயே கிழிச்சிருப்பேன் மாஸ். இப்ப எறங்கினா அவங்க செலவு பண்ணது பூரா நம்ம தலையிலதான் விழும்."

அவர் விரல்மேல் தன் விரலை வைத்தாள். வேன் நகர்ந்தது. இவர் கம்பியை விடாமல் நாலடி கூடவே நடந்தார், அப்புறம் கை நழுவிவிட்டது.

வீட்டுக்குள் போய் முடங்கிவிடுவார் என்று நினைத்தேன். மனுஷன் நேரே ரோட்டைக் கடந்தார். கையில் கரண்டியோடு நானும் பின்னால் ஓடினேன். கொட்டகையில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஹாலொமோவான் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். வாங்க பாக், டீ குடிக்கிறீங்களா என்றார்.

"குடிக்கிறேன்" என்றார் பாக் மர்சூடி. நான் அப்படியே நின்றுவிட்டேன். "எனக்கு வேலை வேணும்."

"அன்னிக்கே கேட்டேனே. வேணாம்னுட்டீங்களே!"

"வேணும்கறதைத்தாங்க அப்படிச் சொன்னேன்."

ஹாலொமோவான் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். என்ன ஊருய்யா உங்க ஊரு என்றார், ஆனால் குரல் இறங்கியிருந்தது. ஃபிட்டர் வேலை போய்விட்டது, சுரோத்தோ நன்றாகப் பார்க்கிறான், அவனை நிறுத்தமாட்டேன். எண்ணெய் போடவும் பஞ்சு கூட்டவும் ஆள் வேண்டும், அவனுக்குக் கீழே, சம்பளம் பாதிதான் என்றார். பாக் மர்சூடி எப்போ வரட்டும் என்று கேட்டார். இப்பவே வாங்க என்றார் அவர். டீயைக் குடித்து முடித்துவிட்டு உள்ளே போனார்.

எட்டு மாதமாகிறது. சுரோத்தோவுக்கு அவரிடம் வேலை சொல்ல வாய் வரவில்லை. "மன்னிக்கணும் பாக், முடிஞ்சா அந்த ஏழாம் தறிக்குக் கொஞ்சம் எண்ணெய்" என்று இழுப்பான். எந்தத் தறியில் சத்தம் மாறினாலும் இவருக்குத்தான் முதலில் கேட்கும். குனிந்து கூட்டிக்கொண்டே அவனுக்குக் கண்ணைக் காட்டுவார். அரைச் சம்பளத்தில் வீட்டு வாடகை போகிறது, அரிசி வருகிறது. வெனிங் பள்ளிக்கூடச் செலவை அவள் அம்மா அனுப்புகிறாள். ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்றரை வருஷத்துக்குமேல் இருக்கிறது, நடுவில் விட்டுவிட்டு வரமுடியாது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. என் போனில்தான் கூப்பிடுவாள், அவருடையதில் படம் தெரியாது. போன ஞாயிறும் கூப்பிட்டாள். பெஞ்சில் அவர் பக்கத்தில் போனைத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தாள், பூங்காவில் உட்கார்ந்திருந்தாள்போல, பின்னால் நம் ஊர்ப் பெண்கள் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டீங்களா மாஸ்?"

"இன்னும் இல்ல. பசிக்குது" என்றார்.

இருபது வருஷக் குடித்தனத்தில் அந்தப் பதிலை அவள் கேட்டிருக்கமாட்டாள். நான் தட்டெடுத்துச் சோறு போட்டேன்.

"நீ சாப்பிட்டியா?" என்று இவர் கேட்டார்.

"ஆச்சு மாஸ்."

அவர் தட்டைத் தொடவில்லை. போனுக்குக் கிட்டே குனிந்தார்.

"நெஜமா சொல்லு. சாப்பிட்டியா?"

"இல்ல" என்றாள் கசீனா.